தொண்ணூற்றிரண்டாம் பக்கம், மூன்றாம் கட்டம்

மார்ச் 9, திங்கள்.
இன்றைய பிழை: அத்தையின் புத்தகத்தில் முப்பத்தேழு சீட்டுகள் ஒட்டியிருந்தேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் முப்பத்தாறை மட்டும் எடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. விட்டுப்போனது முப்பத்தேழாம் எண் சீட்டு. ஒருவேளை நான் தப்பாக எண்ணியிருக்கலாம். மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் தப்பாக எண்ணியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இதை எழுதி முடித்தவள் சீட்டுகளை நான்காம் முறை எண்ணினாள். முப்பத்தேழாம் சீட்டில் என்ன இருந்தது என்பது அவளுக்கு மனப்பாடம். 'பக். 92, கட்டம் 3. இங்கே காணான் இல்லை. அத்தைக்கு மட்டும் தெரிகிறான். கண்ணைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.'

அத்தை என்றால் அக்காவின் மாமியார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபத்தாறு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்த தெருமுனையில் வருகிற சைக்கிளை இங்கிருந்தே பார்த்துக் காலடி பிரேக்கை மிதிப்பவர். 'என் சோறே என் கண்ணுதான்' என்று நாளுக்கு நான்கு தரம் சொல்கிறவர். அவருடைய கண்ணைப் பற்றி, அவருடைய புத்தகத்திலேயே எழுதி ஒட்டிக் கொடுத்தாயிற்று.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்துகிறாள். மாலையில் எழுத்து வகுப்புக்குப் போகிறாள். எதையும் எண்ணி, எண் போட்டு, வரிசைப்படுத்தி வைத்தால்தான் அவளுக்கு மூச்சு விட முடியும். வரிசைப்படுத்திய பிறகும் அது சரிதானா என்ற சந்தேகம் விடாது. அதனால் அக்கா அவளுக்கு வைத்த பெயர் பட்டியல். வகுப்பு ஆசிரியை ஒரு செய்தித்தாளில் பிழை திருத்தியே காலம் தள்ளியவர். பிழை என்றால் அவருக்குத் தனிப் பாசம். மாணவர்கள் எல்லோரும் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும், முதல் வரியில் அன்றைய பிழை, கடைசி வரியில் மறுநாள் வேலை என்பது அவர் போட்ட சட்டம். "நடுவில் என்ன வேணா எழுதுங்க, நான் படிக்கப்போறதில்லை" என்று சொல்லிவிட்டார். மற்ற மாணவர்களுக்குப் பிழை தேடுவதே பெரும்பாடு. பட்டியலுக்கோ எதை விடுவது என்பதுதான் பாடு.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒவ்வொருவரும் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி ஒரு பக்க விமர்சனம் வாசிக்க வேண்டும். பட்டியலுக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. காமிக்ஸ்.

பதினான்கு வருடமாக அவள் படிப்பது 'எட்டுத்திக்குப் படை'. எட்டு வீரர்கள், திசைக்கு ஒருவர். வடக்கு தலைவன்; அட்டைப்படத்தில் எப்போதும் அவன்தான் மேலங்கி பறக்க நிற்பான். கிழக்கு நெருப்பு, மேற்கு புயல் என்று ஆளுக்கொரு பவிசு. அவளுக்குப் பிடித்தவன் தென்மேற்கு. அவன் விரல் நீட்டிய பொருள் பத்து விநாடிக்கு எடையில்லாமல் போகும். நல்ல சக்திதான். ஆனால் கதாசிரியர்களுக்கு அது நினைவுக்கு வருவதே இல்லை. பதினான்கு வருடத்தில் அவன் பேசிய வசனம் நாற்பத்தொன்று. அதில் ஒன்பது, 'ஜாக்கிரதை.' எண்ணி வைத்திருக்கிறாள்.

அத்தை அதைவிடப் பழைய ரசிகை. அவருடையது 'கூரைக் காவலர்'. ஐந்து பேர், எப்போதும் கூரைமேல்தான் நிற்பார்கள். படிக்கட்டுக் கதவை யார் திறந்துவிட்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஐவரில் அத்தையின் செல்லம் காணான். கண்ணுக்கே தெரியாதவன். வெறும் சுவரை வரைந்து வைத்தாலும் அதில் காணான் நிற்பதாக அத்தை அடித்துச் சொல்வார். "நிக்கிறான் பாரு, எவ்வளவு அலுப்பா நிக்கிறான்" என்பார்.

அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று இரு வீட்டாரும் காப்பி டம்ளரோடு என்ன பேசுவதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது, பட்டியலின் பையிலிருந்து ஒரு இதழ் தலை நீட்டியது. அதைப் பார்த்த அத்தை மாப்பிள்ளையையும் பெண்ணையும் மறந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஐந்து வருடமாக ஞாயிறுதோறும் அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து படிப்பார்கள், சண்டை போடுவார்கள், மறுபடி படிப்பார்கள். உலகத்தில் தென்மேற்கு என்றால் யார் என்று கேட்காமல் பேச்சைத் தொடரக்கூடிய ஒரே மனிதர் அவளுக்கு அத்தைதான். இதைப் பட்டியல் அத்தையிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் என்று பயம்.

அப்படியிருக்க, போன மாதம் இரண்டு படைகளும் ஒரே கதையில் சந்திக்கும் சிறப்புப் புத்தகம் வந்தது. 'திக்கும் கூரையும்', தொண்ணூற்றாறு பக்கம். கடைக்கு வந்தது நான்கே பிரதி. அத்தை ஒரு மாணவியை ஓட்டச் சொல்லி நேரே கடை வாசலில் வண்டியை நிறுத்திக் கடைசிப் பிரதியை வாங்கினார். மாணவிக்கு அன்று ஓரமாக நிறுத்தும் பாடமும் ஆயிற்று.

பட்டியல் அதைப் பத்து நாள் இரவல் வாங்கி, படித்து, சீட்டு ஒட்டி, விமர்சனம் எழுதினாள். முதல் பத்தியில் புத்தகத்தின் குறைகள். அட்டையில் பதிமூன்று பேர் இருக்க வேண்டும், தெரிவது பதினொன்று. காணானை விட்டுவிடலாம், தென்மேற்கின் முகத்தை வடக்கின் மேலங்கி மறைக்கிறது. முதல் முப்பது பக்கமும், சம்பந்திகள் முதன்முறை சந்தித்தது போல ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன் சக்தியைச் சொல்லிக்கொள்கிறார்கள். பிறகு ஒரு காரணமும் இல்லாமல் அடித்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரு காரணமும் இல்லாமல் கைகுலுக்குகிறார்கள். இரண்டாம் பத்தியில் வில்லனுக்குப் பாராட்டு. வரிசைவேந்தன். அவன் ஊதலை ஊதினால் யாராக இருந்தாலும் வரிசையில் நின்றுவிட வேண்டும். உலகத்தையே காக்கும் வீரர்கள் பதினோரு பக்கம் ஒருவர் பின் ஒருவராக நின்று, முன்னால் இருப்பவரிடம் "நகருதா?" என்று கேட்கிற இடம் புத்தகத்திலேயே சிறந்தது என்று எழுதியிருந்தாள்.

மூன்றாம் பத்திதான் உயிர். தொண்ணூற்றிரண்டாம் பக்கம், மூன்றாம் கட்டத்தில் வரிசைவேந்தன் தோற்கிறான். படத்தில் அவன் தரைக்கு இரண்டடி மேலே, வாய் திறந்து, ஊதல் ஒரு பக்கம் பறக்க, அந்தரத்தில் இருக்கிறான். பக்கத்தில் ஒரு ஆளும் இல்லை. அடுத்த கட்டத்தில் குப்பைத்தொட்டிக்குள் கிடக்கிறான். யார் செய்தது என்று புத்தகத்தில் ஒரு எழுத்து இல்லை. பட்டியலுக்குச் சந்தேகமே இல்லை, தென்மேற்குதான். 'பதினான்கு ஆண்டுகள் கடைசி வரிசையில் நின்றவன் ஒரு விரலை நீட்டினான். உலகத்தையே நிறுத்திவைத்தவன் பஞ்சாய்ப் பறந்தான்' என்று எழுதியிருந்தாள். திங்கட்கிழமை வரைவைப் பார்த்த ஆசிரியை அந்தப் பத்திக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். வகுப்பில் சேர்ந்த ஏழு மாதத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் டிக்.

அத்தைக்கும் சந்தேகமே இல்லை. காணான் தூக்கி வீசினான். "பக்கத்துல யாரும் இல்லைன்னா யாரு இருக்கான்னு அர்த்தம்? காணான் இருக்கான்னு அர்த்தம்" என்றார். இந்த வாதத்துக்கு யாரால் பதில் சொல்ல முடியும். அதனால்தான் அவள் வாயால் சொல்லாமல் சீட்டில் எழுதினாள்.

செவ்வாய் காலை பத்தரைக்கு அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. பட்டியல் லென்ஸ் அரைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுத்தாள்.

"என்னடி எழுதி வெச்சே?"

"பார்த்துட்டாங்களா?"

"காலைல இட்லியத் தட்டுல வெச்சுட்டு அந்தப் புத்தகத்தைத் திறந்து, ஒரு சீட்டைக் கை நீட்டிப் பிடிச்சுப் படிச்சாங்க. அப்புறம் மூடினாங்க. அப்புறம் ரொம்ப அமைதியா இட்லியச் சாப்பிட்டாங்க."

"திட்டலையா?"

"திட்டினா நான் ஏன்டி உனக்கு போன் பண்றேன். அவங்க அமைதியா இருந்தா அடுத்து என்ன வரும்னு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்தான் தெரியும். போன தடவை அமைதியா இருந்தப்ப பிரிட்ஜை வித்துட்டாங்க."

"நான் வந்து மன்னிப்பு கேட்கட்டுமா?"

"வராத. உன் பேரைச் சொன்னாலே, 'எந்தப் பொண்ணு'ன்னு கேக்கறாங்க."

பட்டியல் அன்று நான்கு லென்ஸ் வெட்டினாள். இரண்டு வலது, இரண்டு இடது. நான்கையும் வலதாக வெட்டிவிட்டோமோ என்று மூன்று முறை அளந்து பார்த்தாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கடைக் கதவு திறந்தது. அத்தை வந்தார். கையில் புத்தகம். நேரே வந்து பட்டியலின் மேசை முன்னால் நின்றார்.

"அத்தை," என்று அவள் எழுந்தாள்.

"டோக்கன் எங்க வாங்கணும்ங்க?"

"அத்தை, அந்தச் சீட்டு..."

"கண் டெஸ்டுக்கு டோக்கன் கேட்டேங்க. சீட்டெல்லாம் எங்கிட்ட ஏற்கனவே ஒண்ணு இருக்கு."

ஐந்து வருடத்தில் அத்தை அவளை 'ங்க' போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு 'ங்க'வும் நறுக்கென்று இறங்கியது. டோக்கனைக் கொடுத்தாள். எண் ஒன்று. கடையில் வேறு யாரும் இல்லை. அப்படியும் அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, எண்ணைக் கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்பது போல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண் பரிசோதகர் சாதுவான மனிதர். காலை நேரத்தில் கூட்டமில்லாமல் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், "நம்பர் ஒண்ணு" என்று உள்ளிருந்து கூப்பிட்டார்.

தூரத்துப் பலகையின் கடைசி வரிவரை அத்தை படித்தார். பிறகு பலகையின் அடியில் பொடியாக இருந்த அச்சகத்தின் தொலைபேசி எண்ணைப் படித்தார். பிறகு தலையைத் திருப்பாமலே, சன்னல் வழியாகத் தெரிந்த எதிர்ச்சாரியைப் பார்த்து, "அந்த வெள்ளை வண்டிக்காரன் கை காட்டாம திரும்பறான்" என்றார்.

"அருமையான பார்வைம்மா," என்றார் பரிசோதகர். "இந்த வயசுல இப்படி நான் பார்த்ததில்ல."

"இதை அந்தப் பொண்ணுக்குக் கேக்கற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் சொன்னார். வாசலில் நின்ற பட்டியலுக்கு நன்றாகவே கேட்டது. இத்தோடு முடிந்திருந்தால் நல்லபடியாகப் போயிருக்கும். அத்தை ஜெயித்திருப்பார், அவள் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டிருப்பாள், ஞாயிற்றுக்கிழமை தப்பியிருக்கும். ஆனால் பரிசோதகர் முறையான மனிதர். மேசை இழுப்பறையிலிருந்து சின்ன எழுத்து அட்டை ஒன்றை எடுத்து, "இதையும் ஒரு தடவை படிச்சுடுங்க" என்று கையில் கொடுத்துவிட்டார்.

அத்தை அட்டையை முகத்துக்கு நேரே பிடித்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். இன்னும் கொஞ்சம். முழங்கை நேராயிற்று. அதற்கு மேல் கை இல்லை. அத்தை தலையைப் பின்னால் சாய்த்தார். நாற்காலியும் லேசாகப் பின்னால் நகர்ந்தது.

பட்டியல் மனதுக்குள் பதறினாள். படிச்சிடுங்க அத்தை, தயவுசெஞ்சு படிச்சிடுங்க.

"அச்சு சரியில்ல," என்றார் அத்தை.

"வெள்ளெழுத்தும்மா. எல்லாருக்கும் வர்றதுதான். படிக்கறதுக்கு மட்டும் ஒன்றரை பவர்ல ஒரு கண்ணாடி போட்டுக்கிட்டாப் போதும்."

அத்தை மெல்ல எழுந்தார். தான் சொன்னது சரி என்று நிரூபணமாவது இவ்வளவு பெரிய கேடாக முடியும் என்று பட்டியல் அதுவரை நினைத்ததில்லை.

"எங்கிட்ட கத்துக்கறவங்க காதுல விழுந்தா என்ன ஆகும்?" என்றார் அத்தை, பொதுவாக, சுவரைப் பார்த்து. பிறகு புத்தகத்தைப் பட்டியலின் மேசைமேல் வைத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்குத்தான் கண்ணு தெரியாதே. ஞாயித்துக்கிழமை வர வேண்டாம். எனக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை அத்தை?"

"தேடிக்கிறேன்."

கதவு மூடியது. பரிசோதகர் எட்டிப் பார்த்து, "உங்க சொந்தமா?" என்றார்.

"அக்காவோட மாமியார் சார்."

"அப்ப கஷ்டம்தான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றைய நாட்குறிப்பில் பிழை என்ற இடத்தில் அவள் இரண்டு பக்கம் எழுதினாள். மன்னிப்புக் கேட்டால் போதுமா என்று யோசித்தாள். போதாது என்று தோன்றியது. அத்தைக்கு மன்னிப்பில் நம்பிக்கை கிடையாது. பிரேக்கை மிதிக்காதவன் மன்னிப்புக் கேட்டு என்ன பிரயோசனம் என்பார். அத்தைக்குத் தேவை ஆதாரம். எந்த ஞாயிறும் இனி இல்லை என்று ஆகிவிட்டால், தென்மேற்கு ஜெயித்ததை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? வகுப்பில் வாசிக்கலாம், பதினெட்டுப் பேர் கைதட்டுவார்கள், ஒருவருக்கும் அவன் யாரென்று தெரியாது.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில், லென்ஸில் கீறல் பார்க்கிற உருப்பெருக்கியை எடுத்துப் புத்தகத்தின்மேல் வைத்தாள். தொண்ணூற்றிரண்டாம் பக்கம், மூன்றாம் கட்டம். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், ஒரு விரற்கடை அகலத்துக்குப் பாத்தி பிரித்து முறையாகப் பார்த்தாள். ஊதலில் ஒன்றுமில்லை. வாயில் ஒன்றுமில்லை. கோட்டுக் காலரின் பின்பக்கம் வந்தபோது உருப்பெருக்கி நின்றது. அங்கே நான்கு மெல்லிய மடிப்புகள். பக்கம் பக்கமாக, ஒரே அளவில். துணியைக் கொத்தாகப் பிடித்தால் விழுகிற மடிப்புகள்.

நான்கு விரல்கள். காணான்.

அப்படியானால் தென்மேற்கு எங்கே? தேடினாள். கட்டத்தின் மூலையில், ஒரு தூணுக்கு அருகே, கடுகளவு உருவமாக, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். உலகம் மீட்கப்படுகிற நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கை பின்னால் முதுகில் இருந்தது. சொறிந்துகொண்டிருந்தான்.

பட்டியல் உருப்பெருக்கியைக் கீழே வைத்தாள். பதினான்கு வருடம். பிறகு பேனாவை எடுத்து, டிக் போட்ட பத்தியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். நேர்கோடாக வர வேண்டுமென்று அளவுகோல் வைத்து இழுத்தாள். கைக்குட்டை தேவைப்பட்டது. அதைப் பார்த்த முதலாளி அவளுக்குச் சளி என்று நினைத்து, ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. பரிசோதகரிடம் கெஞ்சி ஒரு நாள் இரவலாக ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு, அத்தையின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். பயிற்சி வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. ஓட்டுகிற இடத்தில் ஒரு பேக்கரிக்காரர், வண்டிக்கு ஒரு சுற்றுப் பெரிய ஆள், ஸ்டியரிங் சக்கரத்தை மாவு பிசைவது போல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அத்தை. பட்டியல் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

"யாருங்க நீங்க," என்றார் அத்தை, பின்புறம் காட்டும் கண்ணாடியில் அவளைப் பார்த்து.

"அத்தை, நான் தோத்துட்டேன்."

"பாடம் நடக்குது. இறங்குங்க. நீங்க கியரைப் போடுங்க சார்."

பேக்கரிக்காரர் போட்டார். வண்டி விக்கியது. நகர்ந்தது.

"அத்தை, அது காணான்தான். காலர்ல நாலு மடிப்பு இருக்கு. விரல் பிடிச்ச மடிப்பு. லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். நீங்க கண்ணாடி இல்லாமயே சரியாச் சொன்னீங்க. நான் கண்ணாடிக் கடையில உட்கார்ந்துக்கிட்டுத் தப்பாச் சொன்னேன். தென்மேற்கு ஒண்ணும் பண்ணல. முதுகு சொறிஞ்சுக்கிட்டு நிக்கிறான்."

கடைசி வரியில் அவள் குரல் இறங்கிவிட்டது. அத்தை காலடி பிரேக்கை மெதுவாக மிதித்தார். வண்டி தானே ஓரமாக நின்றது.

"நான் ஒண்ணும் தப்பு பண்ணலையே மேடம்?" என்றார் பேக்கரிக்காரர்.

"நீங்க சும்மா இருங்க சார். எங்க, காட்டு."

'காட்டுங்க' இல்லை, 'காட்டு'. பட்டியல் புத்தகத்தையும் பெட்டியையும் முன்னால் நீட்டினாள். பெட்டியில் இருந்தது கண் பரிசோதனைக்குப் போட்டுவிடும் சோதனைச் சட்டம். இரும்பில் இரண்டு பெரிய வட்டம், பக்கவாட்டில் திருகாணிகள், ஒவ்வொரு வட்டத்திலும் கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்றரை பவர் லென்ஸ். போட்டால் யாரும் ஏதோ ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து தப்பி வந்தவர் போலத்தான் தெரிவார்.

"இதை நான் நடுத்தெருவுல போடணுமா?"

"ஒரு நிமிஷம்தான் அத்தை."

அத்தை இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், இருபத்தாறு வருடப் பழக்கத்தில் பின்கண்ணாடியும் பார்த்தார். பிறகு பேக்கரிக்காரரிடம், "நீங்க நேரா பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டத்தைப் போட்டுக்கொண்டார். புத்தகத்தைக் குனிந்து பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய வாய் மெல்லத் திறந்தது.

"கோட்டுல இத்தனை பொத்தான் இருக்கா?" என்றார். "ஏய், இவனுக்கு மீசை இருக்குடி."

"எப்பவும் இருக்கு அத்தை."

"எனக்கு யாரும் சொல்லல." பக்கங்களைப் பின்னால் புரட்டினார், முன்னால் புரட்டினார், மறுபடி தொண்ணூற்றிரண்டுக்கு வந்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சோதனைச் சட்டத்துக்குள் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்ட கண்களால் பட்டியலை முறைத்தார்.

"இது விரல் மடிப்பு இல்ல."

"என்ன அத்தை?"

"காலர் மட்டுமா தூக்கியிருக்கு? கோட்டு தூக்கியிருக்கு. பொத்தானெல்லாம் மேல பார்க்குது. ஷூவோட கயிறு நட்டுக்கிட்டு நிக்குது. இழுத்தா கயிறு எதுக்குடி நிக்குது? இவனுக்கு எடை போயிடுச்சு. உன் ஆளுதான் பண்ணியிருக்கான்."

"இல்ல அத்தை. அவன் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறான்."

"திரும்பி நின்னா என்ன? முதுகுக்குப் பின்னாடி கை இருக்கு பாரு. விரலை நீட்டியிருக்கான். யாருக்கும் தெரியாம பண்ணணும்னு நீட்டியிருக்கான்."

"சொறியறான் அத்தை."

"விரல் நேரா வரிசைவேந்தனைப் பார்த்து நீட்டியிருக்கு."

"சொறியறப்ப விரல் எங்கயாவது பார்த்துத்தானே இருக்கணும்."

"உன் ஆளை நீயே இப்படிக் கேவலப்படுத்தறியே. அஞ்சு வருஷம் அவனைப் பத்திப் பேசிப் பேசி என் உயிரை எடுத்துட்டு, இப்ப அவன் ஒரு நல்லது பண்ணா முதுகு சொறியறான்கறே."

"நான் உருப்பெருக்கியில பார்த்தேன் அத்தை. பாத்தி பிரிச்சுப் பார்த்தேன். காணான்தான். நாலு மடிப்பு."

"காணானா? காணான் இருந்தா எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா அவனைப் பார்க்கறேன். இந்தக் கட்டத்துல அவன் இல்லவே இல்ல."

"திங்கக்கிழமை வரைக்கும் இருந்தானே."

"திங்கக்கிழமை எனக்குக் கண்ணு தெரியலடி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அத்தைக்கு உறைத்தது. பேக்கரிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கழுத்து மட்டும் புத்தகத்தின் பக்கம் அரை அடி நீண்டிருந்தது.

"நீங்க சொல்லுங்க சார்," என்று அத்தை புத்தகத்தை அவர் மடியில் வைத்தார். "சொறியறானா, நீட்டறானா?"

பேக்கரிக்காரர் சக்கரத்திலிருந்து ஒரு கையை எடுக்க அனுமதி கேட்டு, கிடைத்ததும் எடுத்து, படத்தை உற்றுப் பார்த்தார். இந்த மாதிரி முக்கியமான விஷயத்தில் யாரும் அவரிடம் கருத்துக் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"எனக்கும் அந்த இடத்துல அரிக்கும் மேடம்," என்றார் கடைசியில். "கைக்கு எட்டாது. இவர் எட்டற மாதிரி வெச்சிருக்கார். ஆனா சொறியற ஆளு முகம் கொஞ்சம் சுருங்கணும். முகம் தெரியல. அதனால சொல்ல முடியாது."

"நியாயமாத்தான் சொல்றார்," என்றாள் பட்டியல்.

"ஒண்ணும் நியாயமில்ல. பயந்துக்கிட்டுச் சொல்றார். இவரு கிளச்சுலயும் இப்படித்தான், விடவும் மாட்டார், மிதிக்கவும் மாட்டார்." அத்தை புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். "இந்த ஊதல்காரன் என்ன ஆனான்னாவது கேட்டாரா பாரு."

"என்ன ஆனான் மேடம்?"

"முதல் பக்கத்துலேர்ந்து படிக்கணும் சார். நடுவுல சொன்னா புரியாது. வண்டியை எடுங்க. கண்ணாடி பாருங்க, கை காட்டுங்க, எடுங்க."

வண்டி கிளம்பியது. அத்தை சோதனைச் சட்டத்தைக் கழற்ற மறந்துவிட்டார். சந்திப்பில் போக்குவரத்துக் காவலர் அவரைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா வண்டிகளையும் நிறுத்தி அவர்களுக்கு வழிவிட்டார். பேக்கரிக்காரர் தன் ஓட்டுதலுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து முதுகை நிமிர்த்தினார்.

பட்டியலை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது அத்தை புத்தகத்தைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வா. அந்த உருப்பெருக்கியையும் எடுத்துட்டு வா. நாப்பத்தொன்பதாம் பக்கத்துல ஒரு கூரை இருக்கு, அதுல எனக்கு ஒரு சந்தேகம்."

"உங்களுக்கு வேலை இருக்குன்னீங்களே அத்தை."

"தேடினேன். கிடைக்கல." பிறகு, "நாளைக்கு வகுப்புல என்ன வாசிக்கப் போற?" என்றார்.

"மூணாவது பத்தியை அடிச்சுட்டேன்."

"எதுக்கு அடிச்சே? அது ஒண்ணுதானே உருப்படியா இருந்துச்சு. நீ உங்க அக்காவுக்கு அனுப்பின நகலை அவகிட்ட கேட்டு வாங்கி, நான் ரெண்டு தடவை படிக்க வெச்சுக் கேட்டேன்."

"அதுல இருக்கறது தப்பு அத்தை. அவன் சொறியறான்."

"நீட்டறான்டி," என்றார் அத்தை. வண்டி விக்கிக்கொண்டே கிளம்பியது. தெருமுனைவரை அது கேட்டுக்கொண்டே இருந்தது, விக்கலும் அத்தையின் குரலும்.

மார்ச் 12, வியாழன்.
இன்றைய பிழை: அத்தையிடம் மன்னிப்புக் கேட்கப் போய், மன்னிப்புக் கேட்கவே இல்லை. அதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. காணான்தான் என்று நான் இன்னும் நினைக்கிறேன். ஷூ கயிறு எப்படி நின்றது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

நாளை மதிய இடைவேளையில் மூன்றாம் பத்தியைப் புதிதாக எழுத வேண்டும். வகுப்பு ஆறு மணிக்கு.